ஞாயிறு ஆட்டம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதுடன், நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை இருப்பதால், ஞாயிறு ஆட்டத்திற்கு அனைவரும் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். கோத்தகிரி அணியினருக்கும் தெரிவித்துவிட்டோம்.

நமது மைதானத்தில் உள்ள கிக்குயூ புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது; வெட்டிய தண்டுத் துண்டிலிருந்தே மறுபடி வேர்விட்டு, இம்மலையின் இயற்கைப் புல்வெளிகளை மூடிவிடக்கூடியது என்பதால், வெட்டிய புல்லை வேலிக்கு அப்பால் சரிவில் தள்ளாமல் (அதுதான் எளிது என்பதை அறிவோம்), நன்கு காயவைத்த பின்னரே உரக்குழியில் இட வேண்டும். களைக்கொல்லி தெளிப்பதில்லை என்ற முடிவில் மாற்றமில்லை; சரிவின் கீழே ஓடை இருக்கிறது.

குன்னூரிலிருந்து வருவோர் தனித்தனி வண்டிகளைத் தவிர்த்துப் பேருந்தில் வரவும். அளவு சிறுத்துப்போன பூட்ஸ்களைச் செயலாளரிடம் ஒப்படைத்தால் இளையோர் அணிக்கு உதவும்.