பில்லியன் என்றால் நூறு கோடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுச் செய்தியிலும் வணிகப் பக்கத்திலும் மில்லியன், பில்லியன் கணக்கைக் கோடிக்கு மாற்றும்போது ஒரு சைபர் கூடுவதும் குறைவதும் தமிழ் நாளிதழ்களில் வாடிக்கையாகிவிட்டது. நீர் நிலவரச் செய்தியிலும் இதே கோளாறு தலைகாட்டுகிறது.

மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சறுக்குவது புள்ளி வரும் இடத்தில். 23 மில்லியன் என்பது 2.3 கோடி, அவசரத்தில் 23 லட்சமாகிவிடுகிறது. 1.05 பில்லியன் 105 கோடி. அச்சில் 150 கோடியாக வருகிறது. மில்லியனைப் பத்தால் வகுத்தாலும் பில்லியனை நூறால் பெருக்கினாலும் கோடி கிடைத்துவிடும். டிரில்லியனுக்குக் கணக்கே வேண்டாம், எண்ணை அப்படியே வைத்து 'லட்சம் கோடி' சேர்த்தால் போதும். 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். ஆங்கிலத்தில் அதுவே 50.65 டிரில்லியன்.

டாலர் வந்தால் வேலை இரண்டு படி. முதலில் கோடியாக்க வேண்டும், பிறகுதான் மாற்று மதிப்பால் பெருக்க வேண்டும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3.4 பில்லியன் டாலர் 340 கோடி டாலர், அதாவது 28,900 கோடி ரூபாய். முதல் படியோடு நின்றுவிட்டு '340 கோடி ரூபாய்' என்று போட்டால் தொகை 85 மடங்கு சுருங்கிவிடும். இந்த மதிப்பில் ஒரு பில்லியன் டாலர் 8,500 கோடி ரூபாய் என்பதை மனத்தில் வைத்திருந்தால், பிழை பார்க்கிறவர் கண்ணில் இது உடனே படும்.

பில்லியன் என்ற சொல்லுக்கு இங்கிலாந்திலேயே இரண்டு பொருள் இருந்தது. பழைய பிரிட்டிஷ் வழக்கில் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன், நம் கணக்கில் லட்சம் கோடி. அமெரிக்கர்கள் நூறு கோடியைத்தான் பில்லியன் என்றார்கள். 1974 டிசம்பரில் பிரதமர் ஹரால்டு வில்சன், அரசுப் புள்ளிவிவரங்களில் இனி அமெரிக்கப் பொருளே என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஆகவே அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நூல்களிலிருந்து எண் எடுப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் பில்லியன் லட்சம் கோடிதான். நூறு கோடிக்கு அவர்கள் 'மில்லியார்டு' என்கிறார்கள்.

நம் பாசனத் துறையில் புழங்கும் டிஎம்சி 'ஆயிரம் மில்லியன் கனஅடி'. இரண்டு பொருள் தரும் பில்லியன் அதில் இல்லை என்பதால் யாரும் தடுமாற வேண்டியதில்லை. ஆனால் ஆயிரத்தை (தவுசண்ட்) குறிக்கும் அதிலுள்ள 'டி'யை டிரில்லியன் என்று விரித்து எழுதுவோரும் உண்டு! ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி, சுமார் 2,832 கோடி லிட்டர். 120 அடியில் மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, அதாவது 9,347 கோடி கனஅடி.

அணையிலிருந்து திறக்கும் நீரை விநாடிக்கு இத்தனை கனஅடி என்கிறோம். அது ஓட்டத்தின் அளவு, டிஎம்சி இருப்பின் அளவு. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி. அதனால் 'மேட்டூரில் 12,000 கனஅடி நீர் திறப்பு' என்னும் தலைப்பில் 'விநாடிக்கு' விடுபட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை; வெறும் 12,000 கனஅடி ஒரே விநாடியில் போய்விடும். அந்தச் சொல்லைச் சேர்த்து, 24 மணி நேரத்துக்கு ஒரு டிஎம்சிக்குச் சற்று அதிகம் என்றும் போட்டால், எவ்வளவு தண்ணீர் என்பது டெல்டா விவசாயிக்குப் புரியும்.

குடிநீர்ச் செய்தியில் வரும் 'எம்எல்டி' நாளொன்றுக்கு மில்லியன் லிட்டர். சென்னையை அடுத்த நெம்மேலியின் 150 எம்எல்டி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை தருவது தினமும் 15 கோடி லிட்டர். மில்லியனை லட்சமாக நினைத்து '150 லட்சம் லிட்டர்' என்று எழுதினால் பத்தில் ஒன்றாகிவிடும். அந்த ஆலை முழுத் திறனில் ஓடினாலும் ஒரு டிஎம்சி தர 189 நாள் ஆகும்.

ஆங்கில மூலத்தில் உள்ள காற்புள்ளியும் காலை வாரிவிடும். 34,500,000 என்பதை அப்படியே அச்சிட்டால் 34 லட்சம் என்று படிப்பவர் உண்டு. நம் முறையில் அது 3,45,00,000. இலங்கைத் தமிழ் இதழ்கள் மில்லியன், பில்லியன் என்றே எழுதுகின்றன, அங்குள்ள வாசகருக்கு அது பழக்கம். அச்செய்திகளை இங்கே எடுத்துப் போடும்போது மட்டும் லட்சம், கோடிக்கு மாற்றிவிடுங்கள். சென்னை ஏரிகளின் நீர் இருப்பு அட்டவணையில் 'மில்லியன் கனஅடி' இருக்கட்டும்; அதன் கீழே ஆயிரம் மில்லியன் கனஅடி ஒரு டிஎம்சி என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
ஈரோடு.