மாணவர்களின் இதய நலம் குறித்துப் பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் மாணவர் நலப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 29ஆம் நாள், உலக இதய நாளை முன்னிட்டு, வளாகங்களில் மருத்துவர்களை அழைத்து உரையாற்றச் செய்கிறீர்கள். அதன் பயனை நான் மறுக்கவில்லை. மாரடைப்புக்கு இட்டுச்செல்பவை எவை என்று கேட்டால், புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கொலஸ்ட்ரால் என்று மாணவர்கள் பலர் தடையின்றிச் சொல்லிவிடுவார்கள். உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே பதிலாக வரும்.

இருபது வயதில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். கொரியப் போரில் உயிரிழந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் உடற்கூறாய்வு முடிவுகள் 1953இல் வெளிவந்தபோது, அவர்களின் சராசரி வயது 22 மட்டுமே என்றிருந்தும், நால்வரில் மூவருக்கு இதயத் தமனிகளில் நோயின் தடயங்கள் காணப்பட்டன. ஐம்பதில் வெளிப்படும் நோய் மாணவப் பருவத்திலேயே ஓசையின்றித் தொடங்கிவிடுகிறது.

ஆகவே முதலாண்டுச் சேர்க்கையின்போதே ஒவ்வொரு மாணவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்கப்பட வேண்டும். வரிசையில் நிற்கவைத்து அவசரமாகக் கருவியைக் கட்டினால் கிடைக்கும் எண் எதற்கும் உதவாது. ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து, இரண்டு முறை அளந்து, அந்த எண்ணை எழுதி மாணவர் கையிலேயே கொடுக்க வேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்ததுண்டா என்ற ஒரு கேள்வியையும் அப்போதே கேட்டுவிடலாம். ஆம் என்பவர்களுக்குக் கொழுப்புப் பரிசோதனை செய்ய மருத்துவரிடம் அனுப்புவது பெரிய செலவாகாது.

பழக்கங்களைப் பொறுத்தவரை, மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. காலை முதல் மாலை வரை இடைவெளியின்றி வகுப்புகளையும் ஆய்வகத்தையும் அடுக்கி, ஒப்படைப்புகளுக்கு நள்ளிரவைக் கெடுவாக வைத்து, விடிய விடியத் திறந்திருக்கும் நூலக வாசலில் இனிப்புப் பானம் விற்கும் இயந்திரத்தையும் வைத்துவிட்டு, நன்றாகத் தூங்குங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்று அறிவுரை சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள்? உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம். கால அட்டவணையில் அதற்கு இடம் ஒதுக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இ-சிகரெட்டில் புகை இல்லை, ஆதலால் தீங்கும் இல்லை என்று நம்பும் மாணவர்களுக்கு, அதிலுள்ள நிகோடின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டுகிறது என்பதை யாராவது நேராகச் சொல்ல வேண்டும். புகைப்பதை நிறுத்திய ஓராண்டிலேயே, அதனால் கூடியிருந்த இதய நோய் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், விட நினைப்பவர்களுக்கு அது துணிவு தரும்.

வரும் கல்வியாண்டின் சேர்க்கைப் படிவமும் கால அட்டவணையும் இறுதியாகும் முன் இவற்றை ஆட்சிக்குழுவின் பார்வைக்கு வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாணவர் நலனில் அக்கறையுள்ள ஓர் ஆசிரியர்