மூக்குச் சக்கரம் முதலில் தொட்டால்

ஆசிரியருக்கு,

பயிற்சி விமானம் தரையிறங்கும்போது விபத்து என்றாலே, 'சக்கரம் உடைந்தது' என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. சக்கரம் உடைவது பெரும்பாலும் விளைவுதான். காரணம் அதற்குச் சற்று முன்பே வேகமானியில் தெரிந்திருக்கும்.

செஸ்னா 172 போன்ற சிறு விமானம் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அசையும் தகடு) இறக்கி ஓடுபாதையை நெருங்க வேண்டிய வேகம் சுமார் 60-65 நாட் (மணிக்கு 110-120 கி.மீ.). மாணவர் 75-இல் வந்தால், மூக்கைத் தூக்கியதும் விமானம் இறங்காமல் மிதக்கும். பாதை தீர்கிறதே என்ற பதற்றத்தில் கைப்பிடியை முன்னால் தள்ளுவார். மூக்குச் சக்கரம் முதலில் பட்டு விமானம் துள்ளும். அதை அடக்க மறுபடி தள்ளினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிது. இரண்டாவது, மூன்றாவது அடியில் முன்சக்கரத் தாங்கி மடங்கி, புரொபெல்லர் தரையில் மோதும். வெளியே சிறு கீறல்தான் என்றாலும், எஞ்சினைப் பிரித்துச் சோதிக்காமல் பறக்கக் கூடாது.

பலமாகத் துள்ளியதைச் சரிசெய்யப் பார்க்காமல் மீண்டும் எழும்புவதே மேல்: முழு த்ராட்டில் (எஞ்சினுக்கு முழு சக்தி), கார்புரேட்டர் ஹீட் (கார்புரேட்டரில் பனி உறையாமல் தடுக்கும் சூடு; எஞ்சின் சக்தியைக் குறைக்கும்) அணைப்பு, மூக்கு இடப்பக்கம் இழுக்காதிருக்க வலது பெடல், ஃபிளாப்பை 20 டிகிரி வரை மட்டும் மடக்குவது. ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கினால் விமானம் அமுங்கிவிடும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

மீண்டும் எழும்பும் இந்தப் பயிற்சியை உயரத்தில் மட்டும் கொடுத்தால் போதாது. தனியே அனுப்பும் முன், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே, ஓடுபாதைக்குப் பத்தடி மேலிருந்தும் மாணவரைச் செய்ய வைக்க வேண்டும்.

- விமானப் பயிற்றுநர் ஒருவர்