செட்டிங்ஸைத் தொடாதே, முதலில் அள

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ-வில் நல்ல மார்க் வாங்கியதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறாள் என்று அடுத்த தடவை எழுது. நீ எழுதிய நாலு பக்கத்தில் மூணரைப் பக்கம் வி.எம். (கம்ப்யூட்டருக்குள் ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டர்) புலம்பல் என்பதால் இந்தக் கடிதமும் அதற்கே போகட்டும்.

'நெட்வொர்க் ஸ்லோ' என்று நீ ஒற்றை வார்த்தையில் முடித்தது ஒரு வியாதி இல்லை, ஐந்து. விண்டோஸ் வி.எம்.மில் காப்பி எப்போதுமே இழுக்கிறது. குளோன் (அச்சு நகல்) செய்த இரண்டு உபுண்டு லினக்ஸ் வி.எம்.மிலும் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து உள்ளே நுழையும் இணைப்பு) அடிக்கடி அறுந்துபோகிறது. விபிஎன் (இணையத்தின் மேல் போடும் தனிச் சுரங்கப் பாதை) வழியாக லாகின் ஆகிறது, ஆனால் பெரிய டைரக்டரியைப் பட்டியல் போட்டதும் திரை உறைகிறது. டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) போட்ட நாளிலிருந்து பிரிட்ஜில் (வி.எம்.மை வெளி நெட்வொர்க்கோடு நேரே சேர்க்கும் மென்பொருள் சுவிட்ச்) இருக்கும் வி.எம்.முக்கு வெளியுலகமே தெரியவில்லை. லேப்டாப்பில் வைஃபை மேல் பிரிட்ஜ் எடுபடவே இல்லை. நீயோ தலைவலி, வயிற்றுவலி, முழங்கால்வலி எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை தேடியிருக்கிறாய். எந்த செட்டிங்கை மாற்றியதால் எது கெட்டது என்பதும் இப்போது தெரியாமல் போச்சு. மாற்றியதை எல்லாம் பழையபடி வைத்துவிட்டு மேலே படி. கமாண்டுகளை உச்சரிப்பில்தான் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்.

முதலில் பாதையை மூன்று துண்டாக வெட்டு: கெஸ்ட்டிலிருந்து (வி.எம்.) ஹோஸ்ட் (அதைச் சுமக்கும் நிஜ மெஷின்), ஹோஸ்ட்டிலிருந்து லேனில் (உள்ளூர் நெட்வொர்க்) உள்ள இன்னொரு மெஷின், கெஸ்ட்டிலிருந்து அதே மெஷின். ஒரு முனையில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ சர்வராக ஓடவிட்டு (போர்ட் 5201, ஃபயர்வாலில் திறந்துவிடு), மறுமுனையிலிருந்து 30 வினாடி அடி. பிறகு பெரிய 'ஆர்' சுவிட்ச் போட்டு எதிர்த்திசையிலும் அடி. ஒரு திசையில் மட்டும் நோஞ்சானாக இருக்கும் லிங்க் நிறைய உண்டு. ஹோஸ்ட்டுக்கும் லேனுக்கும் நடுவே கிகாபிட் வயர் என்றால் 940 மெகாபிட் பக்கம் வரவேண்டும். 94 வந்தால் வி.எம்.மை விட்டுவிட்டு கேபிளைப் பார். கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் லிங்க் பல சமயம் சத்தமில்லாமல் நூறில் இறங்கிக்கொள்ளும். ஐபெர்ஃப்3 டிஸ்க்கைத் தொடுவதில்லை என்பது இன்னொரு வசதி. அதில் எண் நன்றாக வந்து காப்பி மட்டும் இழுத்தால் கோளாறு சேமிப்பில், நெட்வொர்க்கில் இல்லை.

அந்த ரிசல்ட்டில் 'ரெட்ர்' என்று ஒரு பத்தி வரும், திரும்ப அனுப்பிய பாக்கெட் கணக்கு. லேனுக்குள்ளேயே அது வினாடிக்கு நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தால் வேகக் குறைவு இல்லை, இழப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இப்போது விண்டோஸ் வி.எம்.முக்கு வருவோம். ஹோஸ்ட்டில் 'விர்ஷ் டோம்இஃப்லிஸ்ட்' (வி.எம்.மின் நெட்வொர்க் கார்டு பட்டியல்) அடித்து 'மாடல்' என்ற பத்தியைப் பார். இ1000 அல்லது இ1000இ என்று இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். விண்டோஸில் விர்ட்டியோ (வி.எம்.முக்கென்றே செய்த கார்டு வகை) டிரைவர் கூடவே வருவதில்லை. அதனால் வி.எம். உருவாக்கும் விர்ட்-மேனேஜர் பத்திரமாக ஒரு பழைய இன்டெல் கார்டை நடித்துக் காட்டுகிறது. நடிப்புதான் பிரச்சினை. அந்தக் கார்டின் ரெஜிஸ்டரை கெஸ்ட் தொடுகிறபோதெல்லாம் சிபியு கெஸ்ட்டை விட்டு வெளியே வந்து, க்யூஎமு (வி.எம்.மை ஓட்டும் மென்பொருள்) அதைக் கவனித்து, திரும்ப உள்ளே போகவேண்டும். பாக்கெட் அதிகமானால் இந்தப் போக்குவரத்தே நேரத்தைத் தின்றுவிடும். ஐபெர்ஃப்3 ஓடும்போது ஹோஸ்ட்டில் சிபியு கணக்கு காட்டும் டாப் போட்டுப் பார்த்தால், லேனில் கொஞ்சமாகப் பாய்ந்தாலும் க்யூஎமு ஒரு கோரை முழுசாக விழுங்கிக்கொண்டிருக்கும். விர்ட்டியோவில் இந்த நாடகம் இல்லை. தான் வி.எம்.மில் இருப்பது கெஸ்ட்டுக்குத் தெரியும். பகிர்ந்த நினைவகத்தில் வரிசையாகப் பாக்கெட்டை வைத்துவிட்டு ஒரே தட்டில் பலவற்றைச் சொல்லிவிடும். ஹோஸ்ட்டில் விஹோஸ்ட்-நெட் மாட்யூலும் ஏறியிருந்தால் பாக்கெட் க்யூஎமு பக்கம் போகாமல் கெர்னலிலேயே (லினக்ஸின் உட்கரு) கைமாறும்.

மாற்றும் வரிசை முக்கியம். 'விர்ட்டியோ-வின்' என்ற டிரைவர் டிஸ்க் ஃபைலை (ஐஎஸ்ஓ) சிடியாக மாட்டு. ஏற்கெனவே உள்ள கார்டை எடுக்காமல் விர்ட்டியோ மாடலில் இரண்டாவது கார்டு ஒன்றைச் சேர், நெட்கேவிஎம் என்ற நெட்வொர்க் டிரைவரைப் போடு, அது வேலை செய்கிறதென்று பார்த்தபிறகே பழையதைக் கழற்று. நிலையான ஐபி வைத்திருந்தால், 'இந்த முகவரி இப்போது இல்லாத வேறொரு அடாப்டருக்குத் தரப்பட்டிருக்கிறது' என்ற பாணியில் விண்டோஸ் முரண்டு பிடிக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் பழைய கார்டின் ஆவி மங்கலாகத் தெரியும், அதை அன்இன்ஸ்டால் செய். புதிய கார்டின் நெட்வொர்க் 'பப்ளிக்' ஆகிவிடலாம். அப்போது ரிமோட் டெஸ்க்டாப் அடைபடும், அதனால் கன்சோலை மூடாமல் வேலை செய். முடிந்ததும் கெஸ்ட்டில் 10 கிகாபிட் என்று காட்டும். அது வெறும் பெயர்ப்பலகை, அளந்த எண்ணை மட்டும் நம்பு. அலுவலகத்தில் விஎம்வேர் என்றால் இதே கதைக்கு விஎம்எக்ஸ்நெட்3 என்று பெயர்.

குளோன் விஷயம் எனக்குப் பிடித்த வகைக் கோளாறு, ஏனென்றால் அது தன்னை மறைத்துக்கொள்ளும். நீ விர்ட்-குளோன் பயன்படுத்தியதால் மேக் முகவரி (கார்டின் தனி எண்) புதிதாகத்தான் வந்திருக்கும், 52:54:00 என்று தொடங்கி. 'மேக் வேறே வேறே, அப்புறம் எப்படி ஒரே ஐபி?' என்று நீ கேட்டது சரியான கேள்வி. உபுண்டு சர்வரில் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற சேவை டிஹெச்சிபி வழியாக ரௌட்டரிடம் ஐபி கேட்கும்போது மேக்கைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதில்லை. ஈடிசி டைரக்டரியில் உள்ள மெஷின்-ஐடி ஃபைலிலிருந்து ஓர் அடையாளத்தை உருவாக்கி அதைத்தான் நீட்டும். குளோனில் அந்த ஃபைல் அப்படியே காப்பியாகிவிட்டது. ரௌட்டர் பார்வையில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

இதில் குசும்பு என்ன தெரியுமா? எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீயும் (மெஷினின் அடையாளச் சாவி) சேர்ந்தே காப்பியாகியிருக்கும். தவறான மெஷினில் போய் விழுந்தாலும் 'கீ மாறிவிட்டது' என்ற எச்சரிக்கை வராது. ஒரு தடவை ஒன்றில், அடுத்த தடவை மற்றதில். லேனில் மூன்றாவது மெஷினிலிருந்து அந்த ஐபிக்கு ஆர்ப்பிங் (ஐபிக்கு உரிய மேக்கைக் கேட்கும் கமாண்ட்) அடி. பதிலில் இரண்டு வெவ்வேறு மேக் வந்தால் கேஸ் முடிந்தது. இரண்டில் ஒன்றில் மெஷின்-ஐடி ஃபைலை வெறுமையாக்கி ரீபூட் செய், புதிதாக எழுதிக்கொள்ளும். ஃபைலை அழித்துவிடாதே, காலியாக இருக்கட்டும். ஹோஸ்ட் கீயையும் புதுப்பி. இனி டெம்ப்ளேட் எடுக்கும்போது, வி.எம்.மை நிறுத்திவிட்டு விர்ட்-சிஸ்ப்ரெப் ஓட்டினால் இதெல்லாம் சேர்த்துக் கழுவிவிடும். அவசரமென்றால் நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங் ஃபைல்) டிஹெச்சிபி-ஐடென்டிஃபையருக்கு 'மேக்' என்று ஒரு வரி போதும்.

விபிஎன் உறைவுக்குக் காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. 'லாகின் ஆகிறது, பெரிதாக ஏதாவது வந்தால் நிற்கிறது' என்று நீ எழுதியதிலேயே பதில் இருக்கிறது. சின்ன பாக்கெட் போகும், முழு அளவு பாக்கெட் போகாது. ஈதர்நெட் 1500 பைட் சுமக்கும். வயர்கார்டு என்ற விபிஎன் வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். இடையில் இருப்பவன் '1500 நுழையாது, துண்டாக்கவும் கூடாது என்கிறாய், சின்னதாக அனுப்பு' என்று ஐசிஎம்பியில் (நெட்வொர்க் அனுப்பும் தகவல் குறிப்பு, பிங்கும் இதில்தான் போகும்) பதில் சொல்லவேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்திருப்பான். அனுப்புகிறவனுக்குச் செய்தி வராது, அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பான்.

சோதிக்க, துண்டாக்காதே என்ற சுவிட்சோடு பிங் அடி. லினக்ஸில் பெரிய எம் போட்டு 'டூ', சின்ன எஸ் போட்டு 1472. விண்டோஸில் சின்ன எஃப், பிறகு சின்ன எல் போட்டு 1472. தலைப்பு 28 பைட் சேர்ந்தால் 1500. அது போகாமல் 1392 போனால் பாதையின் எம்டியூ 1420. நடுவில் எங்கே நின்றாலும் அதோடு 28 கூட்டிக்கொள். கெஸ்ட்டின் கார்டில் அந்த எண்ணை வைத்தால் அன்றே சரியாகும். ஆனால் எனக்கு அது பிடிக்காது, வி.எம். ஒவ்வொன்றிலும் ஞாபகமாக வைக்கவேண்டும். விபிஎன் முடிகிற இடத்தில் எம்எஸ்எஸ் கிளாம்ப் (டிசிபி பாக்கெட்டின் அளவைக் குறைத்துவைக்கும்) விதி ஒன்று போட்டால் அந்த வழியாகப் போகிற டிசிபி எல்லாம் தானே அடங்கும். லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் மேங்கிள் டேபிளில் ஃபார்வர்ட் செயினில் (கடந்துபோகும் பாக்கெட்டுக்கான விதி வரிசை) சேர்க்கவேண்டிய விதி அது. யுடிபி (டிசிபி போலில்லாமல் உறுதி கேட்காமல் அனுப்பும் முறை) அதற்குக் கட்டுப்படாது என்பதை மறக்காதே. கூகுள் கிளவுடில் வி.எம்.முக்கு வழக்கமான எம்டியூ 1460. உள்ளே டாக்கர் தன் பிரிட்ஜுக்கு 1500 வைத்துக்கொண்டால் இதே கூத்து அங்கேயும் நடக்கும்.

டாக்கர் என்றதும் நாலாவது. டாக்கர் 1.13-லிருந்து ஃபார்வர்ட் செயினின் பாலிசியை டிராப் (தூக்கிப் போடு) என்று வைக்கிறது. பிஆர்-நெட்ஃபில்டர் மாட்யூல் ஏறியிருந்தால், பிரிட்ஜுக்குள் லேயர் 2-வில் (மேக் அளவில்) போகிற உன் வி.எம். பாக்கெட்டும் ஐபிடேபிள்ஸ் வாசலில் நிறுத்தப்படும். அடையாளம் வேடிக்கையாக இருக்கும்: கெஸ்ட்டின் 'ஐபி நெய்' (பக்கத்து மெஷின்கள்) பட்டியலில் ரௌட்டரின் மேக் 'ரீச்சபிள்' என்று இருக்கும், அதே ரௌட்டருக்குப் பிங் போகாது. ஆர்ப் (மேக்கைக் கேட்கும் செய்தி) ஐபிடேபிள்ஸ் கண்ணில் படுவதில்லை, ஐபி படுகிறது. ஃபார்வர்ட் செயினை எண்ணிக்கையோடு பட்டியலிட்டுக்கொண்டே பிங் அடி, டிராப் கணக்கு கூடவே ஏறும். இணையத்தில் பலரும் பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் என்ற செட்டிங்கை 0 ஆக்கச் சொல்வார்கள். அது கன்டெய்னர்களுக்கு நடுவே டாக்கர் கட்டியிருக்கும் தடுப்பையும் சேர்த்துத் தளர்த்தும். டாக்கர்-யூசர் செயினில், பிஆர்0-விலிருந்து (உன் பிரிட்ஜ்) பிஆர்0-வுக்குப் போவதை அனுமதி என்று ஒரு விதி சேர். ரீபூட்டுக்குப் பின்னும் இருக்கும்படி சேமித்து வை.

வைஃபை பிரிட்ஜோடு மல்லுக்கட்டாதே. ஆக்சஸ் பாயின்ட் தன்னிடம் பதிவுசெய்த மேக்கிலிருந்து வருவதைத்தான் ஏற்கும், உன் வி.எம்.மின் மேக் அதற்கு அந்நியன். விர்ச்சுவல்பாக்ஸ் (வி.எம். ஓட்டும் இன்னொரு மென்பொருள்) மேக்கை மாற்றி எழுதிச் சமாளிக்கப் பார்க்கும், எல்லா ரௌட்டரிலும் செல்லாது. முதல் கார்டு நேட், இரண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி என்று வை. வெளியே போக ஒன்று, லேப்டாப்பிலிருந்து உள்ளே நுழைய 192.168.56-இல் ஒன்று. நேட்டில் வெளியே பிங் போகவில்லை என்று பயப்படாதே, அங்கே ஐசிஎம்பி முழுசாக வேலை செய்யாது. கர்ல் (இணையப் பக்கத்தை எடுக்கும் கமாண்ட்) போட்டுப் பார். அதில் ஒவ்வொரு தளமும் சரியாக 5 வினாடி யோசித்துவிட்டுத் திறந்தால் அது வேகம் இல்லை, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றும் சேவை). முதல் சர்வர் பதில் சொல்லாமல் டைம்அவுட் ஆகி அடுத்ததுக்குப் போகிறது. அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கி வந்தால் இப்படி ஆவது உண்டு. விர்ச்சுவல்பாக்ஸில் நேட்-டிஎன்எஸ்-ஹோஸ்ட்-ரிசால்வரை 'ஆன்' செய்தால் பெயர் தேடும் வேலையை ஹோஸ்ட்டே பார்த்துக்கொள்ளும்.

கெஸ்ட்டுக்குள் டிசிபிடம்ப் (பாக்கெட் பதிவு) எடுத்து 'செக்சம் இன்கரெக்ட்' என்று சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருந்தாயே, அது கோளாறு இல்லை. செக்சம் என்ற பிழை பிடிக்கும் கணக்கைப் போடுவதைக் கார்டிடம் விட்டிருக்கிறார்கள், பாக்கெட்டை நீ அதற்கு முன்னாலேயே படம் பிடித்துவிட்டாய். ஆனால் ஹோஸ்ட்டின் டிமெசேஜில் (கெர்னல் குறிப்புப் பதிவு) 'டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்' என்று இ1000இ டிரைவர் புலம்பியிருந்தால் அது நிஜக் கோளாறு. அது இன்டெல் கார்டே தொங்குவது. ஈத்டூலில் (கார்டு செட்டிங் கமாண்ட்) பாக்கெட் வெட்டுவதைத் தள்ளிப்போடும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் அணைத்துப் பார்.

அடுத்த கடிதத்தில் மூன்று துண்டின் எண்களையும் இரு திசைக்கும் எழுது, விண்டோஸ் கார்டை மாற்றுவதற்கு முன்னும் பின்னும். அளக்கும்போது கெஸ்ட்டின் டாப்பில் 'எஸ்டி' என்ற எண்ணையும் (சிபியுவுக்காகக் காத்திருந்த நேரத்தின் சதவீதம்) குறித்துக்கொள். அது இரட்டை இலக்கத்தில் நின்றால், ஒரே பெட்டியில் நீ அளவுக்கு மீறி வி.எம். ஏற்றியிருக்கிறாய், அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மற்றவை நேரில்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்