அவசரத் தடத்தில் வண்டி நின்றுவிட்டால்

அன்புள்ள மகளுக்கு,

வாரந்தோறும் விரைவுச்சாலையில் போய்வருகிறாய், பின்சீட்டில் குழந்தை வேறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழுதான வண்டிகள் ஒதுங்கும் சாலையோர அவசரத் தடத்தில் நின்றுவிட்டோம், இனிப் பயமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடும். ஓட்டுபவர் இரண்டு நொடி கண்ணயர்ந்தாலே 56 மீட்டர் போய்விடும். உனக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு வெள்ளைக் கோடுதான். ஃபோன் பேச, வழி பார்க்க, குழந்தைக்குப் பால் கொடுக்க அங்கே நிற்கவே கூடாது. டயரில் காற்று இறங்கி, வெளியேறும் வழி பக்கத்தில் இருந்தால் ஹசார்ட் (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் விளக்கு) போட்டு மெதுவாக அதுவரை உருட்டிப் போ. டயரும் ரிம்மும் பாழாகும், ஆகட்டும். புகை வந்தாலோ பிரேக், ஸ்டியரிங் சரியில்லை என்றாலோ உடனே ஒதுங்கு.

சாலையோரத் தடுப்பை நெருங்கி நிறுத்து, ஆனால் அந்தப் பக்கக் கதவு திறக்க இடம் விடு. ஸ்டியரிங்கைத் தடுப்புப் பக்கம் திருப்பி ஹேண்ட்பிரேக் போடு. யாராவது இடித்தாலும் வண்டி ஓடும் தடத்துக்குள் பாயாமலிருக்க அது உதவும். ஹசார்ட், இருட்டினால் பார்க்கிங் விளக்கும் எரியட்டும்.

பிறகு முதல் வேலை இறங்குவது, ஃபோன் அப்புறம். எல்லோரும் தடுப்புப் பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். குழந்தை இருக்கையையும் அந்தப் பக்கமே பொருத்திவை. தடுப்புக்கு அப்பால் பள்ளமோ பாலத்தின் விளிம்போ இல்லையென்று பார்த்துத் தாண்டி, வண்டிக்குப் பின்னால், வரும் வண்டிகள் தெரியும் திசையில் தள்ளி நில். முன்னால் நிற்காதே, இடிபட்ட வண்டி முன்னோக்கித்தான் வரும். இறங்கவே வழியில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருந்து உதவி கேள்.

பின்னால் வருபவர்களை எச்சரிக்கச் சாலையில் வைக்கும் சிவப்பு முக்கோணத்தை வைப்பதில் நாட்டுக்கு நாடு விதி வேறு. ஜெர்மனியில் வேகச் சாலைகளில் சுமார் 100 மீட்டர் பின்னால் வைக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் மோட்டார்வேயில் வைக்கவே கூடாது. ஸ்பெயினில் 2026 ஜனவரியிலிருந்து முக்கோணத்துக்குப் பதில் கூரையில் ஒட்டும் மின்னும் விளக்கு. முக்கோணத்தை வைக்கப் போய் அடிபடுகிறவர்கள் இருந்ததே அதற்குக் காரணம். நீ ஓட்டும் நாட்டு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள். வைக்க வேண்டிய இடமானால் தடுப்புக்கு அப்பால் நடந்து போய் வை.

ஸ்டெப்னி மாற்ற நீயே ஜாக்கியை எடுக்காதே, ஓடும் தடத்தின் பக்கத்துச் சக்கரம் என்றால் கிட்டவே போகாதே. மீட்பு வண்டியைக் கூப்பிட்டு, கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் போகும் திசையையும் சொல். வெளியேறும் வழியைத் தவறவிட்டாலும் ரிவர்ஸ் எடுக்காதே.

வண்டி சரியானதும் நின்ற இடத்திலிருந்து அப்படியே தடத்துக்குள் திருப்பாதே. முன்னால் காலியாக இருந்தால் ஓரத்திலேயே வேகம் பிடித்து, இண்டிகேட்டர் போட்டு, பெரிய இடைவெளி கிடைத்த பிறகு சேர்ந்துகொள்.

வெளிச்சம் பட்டால் மினுங்கும் எச்சரிக்கை மேலாடை டிக்கியில் கிடந்தால் இன்றே எடுத்து உன் இருக்கைக்குக் கீழே வை. இறங்கும் முன்பே அதைப் போட்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா