தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யூரோ, பிரெக்ஸிட், வர்த்தக ஒப்பந்தம் எல்லாம் சரி. 27 நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பில் சாதாரண மனிதருக்கு என்ன கிடைக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை.

விமானப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 2005 முதல் நடைமுறையில் உள்ள ஒன்றியச் சட்டப்படி, கடைசி நேரத்தில் விமானம் ரத்தானால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. தாமதத்துக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. டொராண்டோவிலிருந்து பிராங்பர்ட் திரும்பிய ஒரு குடும்பம் சுமார் 25 மணி நேரம் தாமதமாக வந்து இறங்கியது. இது ரத்து அல்ல, தாமதம்தான் என்று கைவிரித்தது விமான நிறுவனம். அவர்கள் விடவில்லை; வழக்குப் போட்டார்கள். ஜெர்மன் நீதிமன்றங்களில் ஏறி இறங்கிய வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் இழப்பீடு கேட்கலாம் என்று 2009 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மோசமான வானிலை போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு மட்டும் விலக்கு. ஒரு வீட்டார் போட்ட வழக்கு, போர்ச்சுகல் முதல் பின்லாந்து வரை எல்லாப் பயணிகளுக்கும் உரிமையாகிவிட்டது! ஒன்றியத்தின் பயன் என்று நான் முதலில் சொல்வது இதைத்தான். ரோமிங் கட்டணம் 2017-இல் ஒழிந்ததெல்லாம் அப்புறம்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றியத்துக்குள் இருக்கும் விமான நிலையத்தில் ஏறினால் போதும், பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்ற கேள்வியே இல்லை. பிராங்பர்ட்டில் சென்னை விமானம் ஏறும் மாணவரும் கேட்கலாம். சென்னையிலிருந்து ஒன்றியத்துக்குப் போகும்போது மட்டும், அது ஒன்றிய நாட்டு நிறுவனத்தின் விமானமாக இருக்க வேண்டும். கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள். விண்ணப்பித்தே ஆக வேண்டும்.

இந்த உரிமையைத்தான் 2025 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குறைக்கப் பார்த்தார்கள். மூன்று மணி நேரத்தை நான்காகவும், நெடுந்தூரப் பயணத்துக்கு ஆறாகவும் உயர்த்தலாம் என்பது அவர்கள் முடிவு. நீதிமன்றம் வரை போய் மக்கள் வாங்கிய உரிமையை அமைச்சர்கள் கூடிச் சுருக்குவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஐரோப்பிய நாடாளுமன்றம் இருப்பதே இதைத் தட்டிக் கேட்கத்தான். அந்த விவாதத்தையும் தங்கள் இதழ் விரிவாக எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி