விசில் வந்துவிட்டது, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று சாயங்காலம் மூக்கனேரிக் கரையில் எனக்கு விசில் வந்துவிட்டது. உதட்டைக் குவித்து ஊதுகிற விசில் இல்லை, விரலை வாயில் வைத்து அடிக்கிற விசில். நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஏரிக்குள் மண்திட்டு போட்டு மரம் வைத்திருக்கிறார்களே, அந்த மரத்தில் இருந்த கொக்குகள்கூட ஒரு முறை எழும்பி உட்கார்ந்தன. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் போனில் பேசினால் தொண்டை அடைத்துக்கொள்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் வீடியோ காலில் பாப்பா கேட்டாளே, "ஆயா, உனக்கு விசில் அடிக்கத் தெரியுமா? அம்மாவுக்கு வராதாம்" என்று. நீயும் பின்னாலிருந்து "ஆமா, எனக்கு வராது" என்றாய். கண்ணு, உனக்கு வரும். எவ்வளவு நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும். ஆறாவது படிக்கும்போது கன்னங்குறிச்சி வீட்டு மொட்டை மாடியில் நின்று அடித்தாய், பக்கத்துத் தெருவில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த பசங்கள் எல்லாம் யாரது என்று நிமிர்ந்து பார்க்கிற மாதிரி. நான் வடகம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு வந்து உன் வாயிலேயே ஒன்று வைத்தேன். கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்து, மாவும் ரத்தமும் சேர்ந்து உன் தாடையில் வழிந்தது. "பொம்பளப் பிள்ளை விசிலடிச்சா ஊரு என்ன பேசும்" என்று வேறு கத்தினேன். அதே வாரம் தம்பி விசில் அடித்துக்கொண்டே மாடிப்படி ஏறினான், அவனை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதை நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அதற்கப்புறம் நீ விசில் அடித்து நான் கேட்டதே இல்லை.

இதெல்லாம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஏற்காட்டில் உன் தாத்தா, என் அப்பா, மேஸ்திரியாக இருந்த காப்பித் தோட்டம் உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு மூன்று வயது ஆவதற்குள் இறங்கி வந்துவிட்டோம். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கும்போது சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. வாய்விட்டுக் கூப்பிட்டால் குரல் அந்தப் பள்ளத்திலேயே கரைந்துபோகும். விசில் மட்டும் எதிர்ச்சரிவுக்குப் போய்ச் சேரும். குரலில் பல சத்தம் கலந்து சிதறுகிறது, விசிலோ மொத்த மூச்சையும் ஒரே சுருதியில் கொண்டுபோய் வைக்கிறது, அதுவும் நொடிக்கு 1,000-லிருந்து 4,000 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரைக்கும் உள்ள இடத்தில், நம் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்கிற இடம் அதுதான். காற்று, ஓடை இதெல்லாம் போடுகிற இரைச்சல் பெரும்பாலும் அதற்குக் கீழே கிடக்கும். தாத்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு நீள விசில் அடித்தால் சாக்கைத் தூக்கிக்கொண்டு மேலே வா, மூன்று குட்டை விசில் அடித்தால் சாப்பாடு. எனக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார், ஒரு நீளம், உடனே இரண்டு குட்டை. எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அது கேட்டால் ஓடுவேன்.

எனக்கும் ஆசை இருந்தது. எட்டு வயதில் ஒரு நாள் விரலை வாயில் வைத்துப் பார்த்தேன், எங்கள் ஆயா பார்த்துவிட்டு "விசிலடிச்சா பாம்பு வரும்" என்றாள். "அது ராத்திரியில அடிச்சாத்தானே, பகல்ல அடிச்சா?" என்று கேட்டேன். "பகல்ல அடிச்சா பேரு கெடும்" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். பாம்புக்கு வெளிக்காதே கிடையாது, தரை அதிர்வைத்தான் நன்றாக உணரும், காற்றில் வருகிற தாழ்ந்த சத்தம் கொஞ்சம் கேட்கும், விசில் மாதிரி கீச்சென்ற சத்தத்தை அது கண்டுகொள்ளவே போவதில்லை. பாப்பாவை யாராவது அப்படிப் பயமுறுத்தினால் இதைச் சொல்லு.

சரி, எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். ஏரிக்கரையில் ஆடு மேய்க்க ஒரு அக்கா வரும், என்னைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும். ஆடு பக்கத்துக் கொல்லையில் வாய் வைக்கப் போனால் இரண்டு விரலை வைத்து ஒரு அடி, அவ்வளவுதான், எல்லாம் திரும்பிவிடும். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன். அந்த அக்கா சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வா என்றது. அப்புறம் என் முன்னாலேயே வாயைத் திறந்து மெதுவாகக் காட்டியது, வெற்றிலைக் காவி ஏறிய நாக்கு நுனியை இரண்டு விரலாலும் பின்னால் மடித்து உள்ளே தள்ளி, உதடு இரண்டையும் பல்லின் மேல் உள்பக்கமாக மடித்து, விரலைச் சுற்றி இறுக்க மூடி. "காத்து ஓரத்துல எங்கயும் ஒழுகக் கூடாது, நடுவுல மட்டும்தான் போவணும், கீழ பாத்து ஊது" என்றது.

ஒரு மாதம் ஆயிற்று. முதல் பத்து நாள் வெறும் காற்றும் எச்சிலும்தான். வராத கோபத்தில் பலமாக ஊதினால் தலை கிறுகிறுவென்று வருகிறது, அப்போது நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். பலத்தில் ஒன்றும் இல்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. மெதுவாக ஊதிக்கொண்டே விரலைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, நாக்கை இன்னும் ஒரு நூல் உள்ளே என்று நகர்த்திப் பார்க்க வேண்டும். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஹூம் என்று ஒன்று கேட்குமே, அந்த மாதிரி ஒரு சத்தம் நடுவில் தட்டும். அந்த இடத்தை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் மூச்சைக் கூட்ட வேண்டும்.

பாப்பாவுக்கு இப்போது இது வேண்டாம், மேலே முன்பல் இரண்டும் விழுந்து கிடக்கிறதே. அவளுக்கு உதட்டு விசில் சொல்லிக்கொடு. உதட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளட்டும், ஊ சொல்கிற மாதிரி குவிக்கட்டும், நாக்கு நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் இருக்கட்டும், சூடான பாலை ஆற்றுவதைவிட மெதுவாக ஊதட்டும். உதட்டை அப்படியே வைத்துக்கொண்டு நாக்கால் மட்டும் ஈ என்று நினைத்தால் சத்தம் மேலே ஏறும், ஊ என்று நினைத்தால் கீழே இறங்கும், நாக்குக்கு முன்னால் இருக்கிற இடம் சுருங்குவதும் விரிவதும்தான் அதற்குக் காரணம். பாட்டு முழுக்க அந்த அசைவில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் படித்தேன். ஸ்பெயினைச் சேர்ந்த கானரித் தீவுகளில் லா கொமேரா என்று ஒரு மலைத்தீவு. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஸ்பானிய மொழியையே விசிலாக அடித்துப் பேசிக்கொள்வார்கள். 1999-லிருந்து அங்கே பள்ளிக்கூடத்திலேயே அது கட்டாயப் பாடம், 2009-ல் யுனெஸ்கோவும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அங்கே வகுப்பில் உட்கார்ந்து விசில் படிக்கிற பெண்பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். நம் நாட்டிலேயே மேகாலயாவில் கோங்தாங் என்று ஒரு கிராமம் இருக்கிறது, அங்கே பிறந்த குழந்தைக்கு அம்மாதான் ஒரு மெட்டுக் கட்டிக் கொடுப்பாள், அந்த மெட்டு அந்தப் பிள்ளைக்கு மட்டும், காட்டில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் உனக்கு மெட்டு ஒன்றும் கட்டித் தரவில்லை, நீயாகக் கற்றுக்கொண்டு வந்ததையும் வாயில் அடித்துப் பிடுங்கிவிட்டேன்.

எங்கள் ஆயா சொன்னதைத்தான் நானும் சொன்னேன் என்று சாக்குச் சொல்ல மாட்டேன். ஆயா என்னை அடிக்கவில்லை. நான்தான் உன்னை அடித்தேன். தப்பு, கண்ணு. மன்னித்துக்கொள். இதை இருபத்திரண்டு வருஷம் முன்னாலேயே, அந்த மாவைத் துடைத்துவிடும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பரில் நீங்கள் வரும்போது ஒரு நாள் ஏற்காடு போகலாம். அந்த இருபது கொண்டை ஊசி வளைவில் பாப்பாவுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் எடுத்து வைக்கிறேன். பழம் பறிக்கிற நேரம், மூடுபனியும் இருக்கும். தோட்டத்துக்கு வெளியே ரோட்டிலிருந்து பார்த்தாலே அந்த இரண்டு சரிவும் தெரியும். நீயும் பாப்பாவும் ஒரு வளைவில் நில்லுங்கள், நான் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்கிறேன். ஒரு நீளம், இரண்டு குட்டை அடிப்பேன். நீ திருப்பி அடி.

அதுவரைக்கும் தினமும் கொஞ்சம் பழகு. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், நாக்கில் குத்தும்.

அம்மா
கன்னங்குறிச்சி